பிள்ளையின் வீடு தெரியாத ஆசிரியரும் பெயரளவுச் சீர்திருத்தமும்

இலங்கையில் தரம் 6 ஆங்கிலப் பாட அலகில் இடம்பெற்ற ஓர் இணையத்தள முகவரிக்காக நாடே இரண்டுபட்டது. அந்தத் தரத்துக்கான சீர்திருத்தமும் 2027-க்குத் தள்ளிப்போனது. அலகைப் பற்றி இத்தனை பேச்சு நடந்தும், அதைக் கற்பிக்கப்போகும் ஆசிரியருக்கு எதிரே இருக்கும் பிள்ளையைத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை.

திருகோணமலையில் இதைக் கேட்டே ஆகவேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்களும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் இது. மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். அன்புவழிபுரம் போன்ற நகரை ஒட்டிய குடியிருப்புகளில் கூலித்தொழிலை நம்பிய வீடுகளும் உண்டு, தாய் வளைகுடாவுக்குப் போக அம்மம்மா வளர்க்கும் பிள்ளைகளும் உண்டு. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கரையோரத் தொழில் படுத்துவிடும். புதிய கொப்பிகளோடு கல்வியாண்டு தொடங்கும் ஜனவரி மாதமும் அந்தப் பஞ்சகாலத்தில்தான் வருகிறது. இது தெரியாத ஆசிரியர் வரவு இடாப்பைப் பார்த்து, 'அக்கறையில்லாத பெற்றோர்' என்று முடிவுகட்டுகிறார். பிள்ளைக்கு 'மெல்லக் கற்பவர்' என்ற முத்திரை விழுகிறது.

இப்படி ஒதுக்கப்படும் பிள்ளைகளுக்காகவே உட்படுத்தல் கல்வி பேசப்படுகிறது. 1994 சலமன்கா பிரகடனம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாடசாலைக்குள் கொண்டுவரச் சொன்னது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016-இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நாமோ அந்தக் கல்வியைச் சாய்தளப் பாதையாகவும் விசேட அலகாகவும் சுருக்கிவிட்டோம். பேச்சு வராத பிள்ளைக்காகக் கோயிலில் நேர்த்தி வைக்கும் தாயை மூடநம்பிக்கைக்காரி என்று ஒதுக்கும் ஆசிரியரிடம் அந்தத் தாய் மறுபடி வரமாட்டாள். பிள்ளையும் வராது.

வீட்டை அறிய ஆசிரியரைப் பழக்க முடியும். அமெரிக்காவின் டூசோன் நகரில் செய்ததைப் பாருங்கள். லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலெஸ் முதலிய ஆய்வாளர்கள் அங்கே வகுப்பு ஆசிரியர்களுக்கே மானிடவியல் களஆய்வு முறையைப் பழக்கினார்கள். மெக்சிக்கோ வழிவந்த தொழிலாளர் வீடுகளுக்கு அந்த ஆசிரியர்கள் போனது புகார் சொல்வதற்கல்ல, கற்றுக்கொள்வதற்கு. விவசாயம், கட்டடவேலை, மூலிகை, வியாபாரம் என்று வீட்டுக்கு வீடு அறிவு குவிந்திருந்தது. மெக்சிக்கோ மிட்டாய் விற்கும் ஒரு மாணவனைக் கண்ட ஆசிரியை மிட்டாயையே பாடமாக்கினார். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். கணக்கு, போசாக்கு, சந்தைப்படுத்தல் எல்லாம் அதற்குள் வந்தன. 1992-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. வலைபின்னும் கையிலும் தேனெடுக்கும் கையிலும் கணிதமும் சூழலியலும் இருப்பதை நம் ஆசிரியர்கள் எப்போது காணப்போகிறார்கள்?

ஆசிரியப் பயிற்சியில் இதற்கு நேரமில்லை, பாடத்திட்டம் நிறைந்துவிட்டது என்பார்கள். கல்வியியற் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு முழுவதும் பாடசாலையில்தானே கழிகிறது? மானிடவியல் எதற்கு, உளவியல் போதும் என்பவர்கள் பிள்ளையை வீட்டிலிருந்து பிய்த்தெடுத்துப் பார்ப்பவர்கள். அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை.

கல்வி அமைச்சைக் கையில் வைத்திருக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரிய சமூக மானிடவியல் படித்தவர். இந்த வாய்ப்பு மறுபடி வாய்க்காது. பயிலுநர் ஆசிரியர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களோடு பழகிக் களக்குறிப்பு எழுதவேண்டும், அதற்குப் புள்ளி வழங்கவேண்டும், அதில் சித்தியடையாதவருக்கு நியமனம் கூடாது. இதைச் செய்தால் ஒரு தலைமுறைக்குள் இடைவிலகல் இம்மாவட்டத்தில் இல்லாமல் போகும். செய்யாவிட்டால் 2027-இல் வரும் சீர்திருத்தமும் தோற்கும்.