மூன்றாவது பிள்ளை

சிங்கப்பூரில் எனக்கு நெடுநாள் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் இருக்கிறார். புதியவர்களிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, 'நான் அரசாங்கம் வேண்டாமென்று சொன்ன பிள்ளை' என்பார். பலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் 1974இல் பிறந்தவர், வீட்டில் மூன்றாவது. அந்நாட்டின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆண்டும் அந்த எண்ணும் போதும்.

2024 பிப்ரவரி இறுதியில் அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். சீனப் புத்தாண்டுக்குக் கட்டிய டிராகன் தோரணங்கள் மின்தூக்கி வாசலில் இன்னும் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் செய்தி வந்தது: 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கருவள விகிதம் 0.97 ஆகிவிட்டது. அதாவது, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை, அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப வேண்டுமானால் அது 2.1 ஆக இருக்க வேண்டும்.

நண்பர் அதைத் தன் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னார். எண்பதை நெருங்குகிற அந்த அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "இவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸு 'மூணாவதா?'ன்னு கேட்டா. காசு எவ்வளவு கூடக் கட்டினோம்னு மறந்துபோச்சு தம்பி. அவ கேட்ட தோரணை மட்டும் மறக்கல" என்றார்.

அந்தத் தோரணையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் பிறப்பு மிகுதியாகவே இருந்தது. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மக்கள்தொகை ஏறத்தாழ 14.5 இலட்சம், கருவள விகிதமோ ஆறுக்கும் மேல். கம்பங்களிலும் கடைவீடுகளின் மாடிகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த காலம் அது. 1949இலேயே தன்னார்வலர்கள் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடானபோது நிலம் சிறிது, நீரும் அண்டை நாட்டிலிருந்து வர வேண்டும், வேலை இல்லாதவர்கள் அதிகம். இந்நிலையில் 1966இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் மக்கள்தொகைக்குமாக ஒரு வாரியத்தை அமைத்ததைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டுப் பிள்ளை பெற்று உடல் தேய்ந்த பெண்களுக்கு அந்த மருந்தகங்கள் விடுதலையாகவே இருந்திருக்கும்.

1970இல் கருக்கலைப்பும் கருத்தடை அறுவைச் சிகிச்சையும் சட்டப்படி எளிதாயின. 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்ற இயக்கம் தொடங்கியது. ஆணோ பெண்ணோ இரண்டே போதும் என்று சுவரொட்டிகள் சொல்லின. சுவரொட்டியோடு நின்றிருந்தால் அது அறிவுரையாக முடிந்திருக்கும். அரசு விலைப்பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட அரசு மருத்துவமனைகளில் பிரசவக் கட்டணம் கூடியது. சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளோடு நின்றது. வருமான வரிச் சலுகையிலும் வரம்பு வந்தது. வீடு ஒதுக்குவதில் பெரிய குடும்பங்களுக்கிருந்த முன்னுரிமை போனது. பள்ளிச் சேர்க்கையில் பின்னால் பிறந்த பிள்ளை பின்வரிசைக்குப் போனது. கருத்தடை செய்துகொண்டால் இவற்றில் சில தளர்த்தப்பட்டன.

1975இல் கருவள விகிதம் 2.1ஐத் தொட்டுக் கீழே இறங்கியது. இலக்கு கைகூடிவிட்டது. ஆனால் இயக்கம் மேலும் பத்தாண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடத் தொடங்கிய தேரை நிறுத்தக் கட்டை போடுகிறவர் எவரும் அப்போது இல்லை.

பிறகு வந்தது 1983. அவ்வாண்டுத் தேசிய தின உரையில் பிரதமர் லீ குவான் யூ, பட்டம் பெற்ற பெண்கள் திருமணம் செய்யாமலிருக்கிறார்கள் அல்லது குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள், படிப்பில்லாத பெண்களோ அதிகம் பெறுகிறார்கள் என்று கவலைப்பட்டார். அறிவு பெருமளவு பிறப்பிலேயே அமைவது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. 1984இல் திட்டங்கள் வந்தன. மூன்றும் அதற்கு மேலும் பெற்ற பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. படிப்பும் வருமானமும் குறைந்த, முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் இரண்டு பிள்ளைகளுக்குள் நிறுத்திக் கருத்தடை செய்துகொண்டால் சேம நிதிக் கணக்கில் 10,000 வெள்ளி. பட்டதாரிகள் ஒருவரையொருவர் சந்திக்க அரசே ஓர் அமைப்பையும் ஏற்படுத்தியது.

மக்கள் இதை ரசிக்கவில்லை. பலனடைய வேண்டிய பட்டதாரிப் பெண்களே கூசினார்கள் என்பதுதான் இதில் நினைவுகூரத் தக்கது. 1984 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு, 1980ஐவிட ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. இது ஒன்றே காரணமல்ல. இதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பவர் குறைவு. பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. 1987இல் புதிய முழக்கம் வந்தது: மூன்று பெறுங்கள், வசதியிருந்தால் அதற்கு மேலும். அதே அரசு, அதே சுவர், வேறு சுவரொட்டி. நண்பருக்கு அப்போது பதின்மூன்று வயது. 'ஒரே நாளில் நான் முன்மாதிரிக் குடிமகன் ஆனேன்' என்பார்.

1988 டிராகன் ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பிள்ளை பேறுடையது என்ற சீன நம்பிக்கை உதவியது. கருவள விகிதம் 1.96 வரை ஏறியது. அதற்குப் பிறகு அந்த உயரத்தை அது பார்க்கவேயில்லை. 2001இல் குழந்தை போனஸ் தொடங்கியது. ரொக்கம் பலமுறை உயர்த்தப்பட்டது, விடுப்பு நீண்டது, தந்தைக்கும் விடுப்பு வந்தது. விகிதம் 2000இல் 1.60, 2023இல் 0.97. நான் அங்கிருந்தபோது கண்ட டிராகன்களாலும் ஒன்றும் ஆகவில்லை. 2024லும் 0.97தான்.

இந்த இடத்தில் பலரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: அரசு அன்று நிறுத்தச் சொன்னதால்தான் இன்று நாடு தவிக்கிறது என்று. கதையாகக் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அது உண்மையில் பாதிகூட இல்லை. வாரியம் அமைவதற்கு முன்பே, 1965இலேயே, விகிதம் ஐந்துக்கும் கீழே வந்திருந்தது. இப்படிப்பட்ட தண்டனைப் பட்டியல் எதையும் போடாத தாய்லாந்திலும் பிறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. தென்கொரியா 2023இல் 0.72க்கு வந்தது. பெண்கள் படித்தார்கள், சம்பாதித்தார்கள், தங்கள் உடலைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தார்கள். வீட்டு விலையும் வேலை நேரமும் பள்ளிப் போட்டியும் சேர்ந்துகொண்டன. சுவரொட்டி இல்லாமலிருந்தாலும் ஏறத்தாழ இங்கேதான் வந்திருப்பார்கள்.

அப்படியானால் அந்த இயக்கம் செய்ததுதான் என்ன? பிள்ளையைப் பற்றிப் பேச ஒரு மொழியைக் கற்றுக்கொடுத்தது என்பேன். தமிழில் பேறு என்ற சொல் பிரசவத்தையும் குறிக்கும், வாய்த்த நற்பயனையும் குறிக்கும். திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே மக்கட்பேறு என்று பெயர். அந்தப் பழைய சொற்களில் பெண்ணின் மீது ஏற்றிய சுமையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் கட்டணம் இல்லை. 1972க்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செலவுச் சீட்டு ஒட்டப்பட்டது. 2001க்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரவுச் சீட்டு. கணக்கேடு மட்டும் மாறவேயில்லை. ஒரு தலைமுறைக்குக் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த தலைமுறையிடம் கணக்குப் பார்க்காதே என்று கெஞ்சினால் எப்படி? நண்பரின் அக்கா மகளுக்கு முப்பத்திரண்டு வயது, திருமணமாகிவிட்டது, பிள்ளை இல்லை. அன்று மாலை அவள் வந்திருந்தாள். போனஸ் பற்றி யாரோ எடுத்தபோது, "மாமா, அவங்க குடுக்கிற தொகைக்கு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுப்படியாகல" என்று சிரித்தாள். அவளை எதற்குக் குறைசொல்வது? பாடத்தை நன்றாகப் படித்த மாணவி அவள்.

இந்தக் கணக்கேட்டில் இன்னொரு பத்தியும் உண்டு. எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்குப் பின்னால் யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வி எப்போதும் நின்றிருக்கிறது. 1984இல் அது வெளிப்படையாகக் கேட்கப்பட்டது, அதனால் எதிர்ப்பும் வந்தது. இன்று அது குடியேற்ற விதிகளுக்குள் சத்தமில்லாமல் இருக்கிறது.

2025 ஜூன் கணக்கின்படி சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 61.1 இலட்சம். இவர்களில் குடிமக்கள் 36.6 இலட்சம், நிரந்தரவாசிகள் 5.4 இலட்சம், எஞ்சிய 19.1 இலட்சம் பேர் வெளிநாட்டவர். உயர்ந்த ஊதியம் பெறும் வெளிநாட்டவர் குடும்பத்தை அழைத்துவரலாம். வேலை அனுமதிச் சீட்டில் வந்த தொழிலாளி அழைத்துவர முடியாது. கப்பல் தளத்திலும் கட்டடத்திலும் உழைக்கும் வங்காளதேசத்துக்காரரும் நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர்க்காரரும் இந்த வகை. மனிதவள அமைச்சின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்கவும் கூடாது. 2020இல் கொரோனா பரவியபோது அன்றாட எண்ணிக்கையைச் சமூகத்தில் இத்தனை, தங்கும் விடுதிகளில் இத்தனை என்று பிரித்தே அறிவித்தார்கள். நோய்த்தடுப்புக்கு அந்தப் பிரிவு பயன்பட்டிருக்கலாம். ஆனாலும் விடுதியில் இருப்பவர் சமூகத்தில் இல்லை என்று ஒரு மொழி சொல்லும்போது வாசகனாக எனக்கு உறுத்துகிறது.

வீட்டுப் பணிப்பெண்களின் நிலை இன்னும் கடினமானது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை. கருவுற்றிருந்தால் வேலை அனுமதி போய் ஊர் திரும்ப வேண்டியதுதான் விதி. பிள்ளை பெறுங்கள் என்று ஒரு பகுதிப் பெண்களுக்குப் பணம் தருகிற நாடு, அப்பிள்ளைகளை வளர்த்துத் தரும் பெண்கள் பிள்ளை பெற்றால் அனுப்பிவிடுகிறது. 'மூணாவதா?' என்ற அந்தத் தோரணை எங்கும் போய்விடவில்லை. ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

தீவு சிறியது என்பார்கள். உண்மை, 740 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2013ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை, 2030இல் மக்கள்தொகை 65 இலட்சத்திலிருந்து 69 இலட்சம் வரை இருக்கலாம் என்றபோது, ஹொங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்த்தார்கள். ரயிலில் இடமில்லை, வீடு எட்டாத விலை என்ற அவர்களின் அச்சத்தை வெறும் வெறுப்பென்று தள்ளிவிட முடியாது. இன விகிதாசாரம் குலையக்கூடாது என்ற கவலையும் அரசுக்கு உண்டு. எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பத்தும் இருபதும் ஆண்டுகள் உழைத்தவருக்குக் குடும்பத்தோடு வாழ ஒரு வழி, கருவுற்றவளை உடனே விமானமேற்றாத ஒரு விதி, இவ்வளவுதான் கேட்கிறேன். 2025இல் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர். அவர்களைத் தூக்கி உட்காரவைக்கப்போகும் கைகள் யாருடையவை என்று அந்நாட்டுக்கு நன்றாகவே தெரியும்.

நாமும் இதைத் தூரத்து வேடிக்கையாகப் பார்க்க முடியாது. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவர்தோறும் எழுதிய தமிழ்நாட்டில், தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையும் என்ற அச்சத்தில், 2025 மார்ச்சில் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் புதுமணத் தம்பதியர் தாமதிக்காமல் பிள்ளை பெற வேண்டும் என்றார். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். வயிற்றை நோக்கி அரசு பேசத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் மக்கள் நூறாண்டுக்கும் மேலாகப் போய்வரும் ஊரில் ஒரு முழு வரலாறு இருக்கிறது.

நான் கிளம்பிய அன்று காலை, நண்பரின் அம்மாவுக்கு ஜாவாவிலிருந்து வந்த பணிப்பெண் தலைவாரிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு இந்தோனேசிய மொழி தெரியாது. பழைய கடைத்தெரு மலாய் தெரியும். அதிலேயே இருவரும் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. திரையில் ஒரு சிறுவன், எட்டு வயதிருக்கலாம், எதையோ கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா தலையைத் திருப்பாமலே, "மொதல்ல அவன்கிட்ட பேசு, தலை அப்புறம் வாரலாம்" என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு அது புரிந்துவிட்டது. சீப்பை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பேசியோடு அறைக்குள் போனாள்.