சனிக்கிழமைச் சாயங்காலச் சிட்டை

பலசரக்குக் கடைக்காரனுக்கு வாரத்தில் ஏழு நாள் என்பது பேச்சுக்குத்தான். கடை உண்மையில் பிழைப்பது சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரைதான். உவரிக் கடைக்காரர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர் அது. மீன் விற்ற பணம் வீட்டுக்கு வந்து, மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்பதற்காக அடுப்பு எரிகிற பொழுது அது. உள்ளே பனங்காட்டுப் பக்கம் கூலி வாங்குகிறவர்களுக்கும் சனிக்கிழமைதான் கையில் காசு. இவர்களோடு அந்தோணியார் கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வேன் பிடித்து வந்து, இரவு தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிற வெளியூர் ஜனங்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

சனிக்கிழமைச் சிட்டையைக் கையில் வாங்கியதுமே அந்த வீட்டில் என்ன கொதிக்கப் போகிறது என்று சொல்லிவிடலாம். வத்தல், மல்லி, மஞ்சள், சீரகம், கால் கிலோ புளி, இரண்டு தேங்காய் என்றால் மீன் குழம்பு. தேங்காயும் பச்சை மிளகாயும் மட்டும் கூடி, பக்கத்திலேயே இரண்டு கிலோ மரச்சீனிக் கிழங்கும் எழுதியிருந்தால் சாளை மீன் அவியலும் அவித்த கிழங்கும். பட்டை, கிராம்பு, கசகசா, முந்திரி வந்தால் ஞாயிறு ஆட்டுக்கறி. சீரகச் சம்பா அரிசியும் ஒரு பாக்கெட் பிரியாணி மசாலாவும் கேட்டால் சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிற பிள்ளை விடுமுறைக்கு வந்திருக்கிறான். சக்தி, ஆச்சி என்று எத்தனையோ பாக்கெட் மசாலா வந்தும், மீன் குழம்பு விஷயத்தில் கடற்கரைப் பெண்கள் இன்னும் கைப்பக்குவத்தை விட்டுக் கொடுக்கவில்லை. வத்தலையும் மல்லியையும் தனியாக வாங்கி, வறுத்து, தேங்காயோடு அரைத்தால்தான் அவர்களுக்குக் குழம்பு. அது அவர்கள் நாக்கின் உறுதி. நமக்கு அது வியாபாரம்.

ஆக, சமையல் இன்னும் நம் கடையில்தான் இருக்கிறது. குடிப்பது நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தோம்.

நாம் கடையில் உட்கார ஆரம்பித்த 1980-களில் இதே சிட்டையின் கீழ்ப்பாதியில் கருப்பட்டி ஒரு கிலோ, சுக்கு, மிளகு, காப்பித் தூள் என்று தவறாமல் இருக்கும். கருப்பட்டிக் காப்பி சாயங்காலம் ஒரு வேளை, குழம்பு கொதிக்கும்போது ஒரு வேளை. தை, மாசியில் பாளை சீவத் தொடங்கிவிட்டால் ஆடி வரை பதநீர் தெருவுக்கே வரும். கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் பக்கத்து ஊரில் அடித்து, மரப் பெட்டியில் அடுக்கிச் சைக்கிளில் வந்து இறங்கும். கள்ளுக்கடைகள் 1981-ல் மறுபடி திறக்கப்பட்டு, 1987 ஜனவரி 1 முதல் மூடப்பட்டன. அது வேறு கணக்கு. ஆனால் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் குடித்ததெல்லாம் பலசரக்குக் கடைக்காரனும் அவனைச் சேர்ந்த சிறு தொழில்காரர்களும் கொடுத்த சரக்குதான்.

இன்று வீட்டு ஆண்பிள்ளையின் குடி அரசாங்கத்தின் கடைக்குப் போய்விட்டது. டாஸ்மாக் 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று அமைந்த நிறுவனம். 2003 நவம்பரில் சில்லறையையும் அதுவே எடுத்துக்கொண்டது. 2016-ல் 500 கடை, 2017-ல் 500 கடை, 2023 ஜூனில் 500 கடை என்று மூடினார்கள். திறந்திருக்கும் நேரத்தையும் 2016-ல் பகல் 12 மணிக்குத் தள்ளினார்கள். நல்லதுதான். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில்தான் கூட்டம், ஒரே சட்டைப் பையில்தான் பணம். அந்தப் பணம் முதலில் அங்கே போனால், சிட்டையோடு பிள்ளையை அனுப்பி, "அம்மா திங்கட்கிழமை தருவதாகச் சொன்னாள், மாமா" என்று சொல்லச் சொல்கிறார்கள். நாம் பேரேட்டில் பற்று எழுதுகிறோம். ஆனி, ஆடியில் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்து, நாள் கணக்கில் தொழிலுக்குப் போக முடியாமல் ஏறுகிற பற்று நியாயமானது. அதைக் காத்திருந்து வாங்கலாம். பாட்டிலால் ஏறுகிற பற்று வசூலாவதற்குள் கடைக்காரன் நரைத்துவிடுகிறான்.

கள்ளைத் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்ற குரல் நம் பக்கம் பலமாகவே கேட்கிறது. 2025 ஜூனில் நமக்குப் பக்கத்துப் பெரியதாழையிலேயே சீமான் பனை ஏறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தினார். கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. கட்சிகளின் வழக்கில் தலையிடுவது நம் பத்திரிகையின் வேலையல்ல. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரே பாளையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள். கள்ளுக்குத் தடை இருக்கலாம். பதநீருக்கும் கருப்பட்டிக்கும் யாரும் தடை போடவில்லை. இருந்தும் அவை நம் கடையின் பின்பக்கம் போய்விட்டன.

முன்பக்கத்தில் நிற்பது கம்பெனி கொடுத்த குளிர்சாதனப் பெட்டி. இலவசம் என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். கரண்டு பில் நம்முடையது, கடையின் நல்ல இடம் நம்முடையது, உள்ளே அடுக்குவது மட்டும் அவர்கள் சரக்காக இருக்க வேண்டும். வேறு பாட்டில் ஒன்று உள்ளே இருந்தால் லைன் வண்டியில் வருகிற பையன் முகம் சுளிக்கிறான். அடுத்த முறை ஸ்கீம் இல்லை என்கிறான். நம் கடையில் எதை எங்கே வைப்பது என்று நேற்றுப் படிப்பு முடித்து வந்த விற்பனைப் பிரதிநிதி சொல்வதா?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று விக்கிரமராஜா தலைமையிலான பேரமைப்பும், மறைந்த வெள்ளையன் அவர்களின் பேரவையும் அறைகூவல் விடுத்தன. நம் மாவட்டத்துக்கு அதில் இன்னொரு காரணமும் இருந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, 2016 நவம்பரில் இடைக்காலத் தடை வந்து, 2017 மார்ச் 2-ம் தேதி வழக்குகள் தள்ளுபடியாயின. அந்த நாட்களில் பல கடைகளில் உண்மையாகவே விற்பனையை நிறுத்தினார்கள். ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? பெட்டி நின்றது, கொஞ்ச நாளில் பாட்டிலும் திரும்பி வந்தது. அறைகூவலில் தவறில்லை. காலியான அந்த இடத்தில் உடனே வேறு சரக்கை நிறுத்தியிருந்தால் அது நிலைத்திருக்கும்.

நிறுத்தச் சரக்கு இல்லாமலில்லை. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் இன்றும் பொவண்டோவோடு நிற்கிறது. சிற்றூர்களில் பன்னீர் சோடா, இஞ்சி சோடா, எலுமிச்சை சோடா அடிக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இவர்கள் நிலைமைதான் கஷ்டம். ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையில் குளிர்பானத்துக்கு 28 சதவீத வரி, அதன்மேல் 12 சதவீத செஸ். 2025 செப்டம்பர் 22 முதல் அதை ஒரே 40 சதவீதமாக்கிவிட்டார்கள். உலகமெல்லாம் விற்கிற கம்பெனிக்கும், நான்கு பேரை வைத்துக்கொண்டு பன்னீர் சோடா அடிக்கிறவருக்கும் ஒரே விகிதம். 2019 அக்டோபரிலிருந்து காம்போசிஷன் திட்டத்திலும் குளிர்பானம் தயாரிப்பவருக்கு இடமில்லை. போதாக்குறைக்கு, பழைய காம்பா கோலாவை ரிலையன்ஸ் வாங்கி 2023-ல் பத்து ரூபாய்ப் பாட்டிலாக இறக்கியது. இதற்கெல்லாம் நடுவே உள்ளூர் சோடாக்காரர் நிற்க வேண்டுமானால், சர்க்கார் ஒரு பக்கம் இருக்கட்டும், பெட்டியில் ஒரு தட்டையாவது நாம் அவருக்கு விட வேண்டும். வாடிக்கையாளர் கோலா கேட்டால் இல்லையென்று திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. கண்ணில் படாத சரக்கை எந்தப் பிள்ளையும் கேட்காது என்பது நமக்குத் தெரியாததா?

இனி கருப்பட்டி. இதில் கம்பெனியையும் சர்க்காரையும் குறை சொல்ல வழியில்லை. பந்து நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டுப் பத்து லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். அந்தப் பதநீருக்கு ஒரு மனிதன் நாளைக்கு இரண்டு வேளை பனை ஏறி இறங்க வேண்டும். விடிலியில் அவன் வீட்டுப் பெண் புகையில் நின்று பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். ஏறுகிறவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். பனையேறியின் மகன் பனை ஏறுவதில்லை. சீனியோ கருப்பட்டி விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. ஆகவே கொப்பரையில் சீனி விழுகிறது. மொத்தச் சந்தையில் இதில் ஒளிவுமறைவு கிடையாது. சீனி போட்டது ஒரு விலை, போடாதது ஒரு விலை என்று பேசித்தான் கொள்முதல் நடக்கிறது. சில்லறைக் கடையின் தராசுக்கு வரும்போது மட்டும் இரண்டும் "கருப்பட்டி" என்ற ஒரே பெயருக்கு வந்துவிடுகின்றன.

இதனால் வருகிற நஷ்டம் சின்னதல்ல. அந்தக் கருப்பட்டியில் காப்பி போட்டவளுக்குச் சீனிக் காப்பிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின்னே எதற்குக் கூடுதல் காசு என்று அடுத்த சனிக்கிழமை சிட்டையில் சீனியையே எழுதுகிறாள். கருப்பட்டி போனதும் சுக்கும் போகிறது. பிள்ளைக்குக் காப்பிக்குப் பதில் பத்து ரூபாய்ப் பாட்டில். சிட்டையின் கீழ்ப்பாதி இப்படித்தான் காலியாகிறது.

அரசு 1978-லேயே பனையை மாநில மரமாக அறிவித்தது. 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றும், ரேஷன் கடையில் கருப்பட்டி விற்கலாம் என்றும் சொன்னார்கள். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. விதை மரமாகிப் பாளை விடப் பதினைந்து வருஷமாவது ஆகும். அதுவரை நிற்கிற மரத்தில் ஏறுகிறவனுக்கு முழு விலை கிடைக்க வேண்டுமானால், கலப்பில்லாத சரக்குக்குத் தனிப் பெயரும் தனி விலையும் கடையில் இருந்தாக வேண்டும்.

நம்மிடம் சரக்கெடுக்கும் கடற்கரைக் கடைக்காரர் ஒருவர் இதைச் செய்துவருகிறார். இரண்டு ஓலைக் கொட்டான் வைத்திருக்கிறார். ஒன்றில் "சீனி போட்டது", இன்னொன்றில் "போடாதது" என்று அட்டையில் எழுதி, விலையும் போட்டிருக்கிறார். ஆரம்பத்தில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், "அண்ணாச்சி, நீங்களே உங்கள் சரக்கைக் குறை சொல்லுகிறீர்களே" என்று கேலி பேசினார்கள். இப்போது கோயிலுக்கு வருகிற வேன்காரர்கள் சனிக்கிழமை இரவு அவர் கடையைத் தேடிப் போடாததை வாங்குகிறார்கள். காசு முடைப்பட்டவர்கள் மற்றதைத் தெரிந்தே வாங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் மனக்குறை இல்லை. மழைக்காலத்தில் நல்ல கருப்பட்டி கசியும். அந்தச் சேதாரத்தையும் விலையிலேயே சேர்த்துத்தான் போடுகிறார், அதையும் கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்.

ஒரு நடைமுறை விஷயம். கருப்பட்டியை உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் ஜி.எஸ்.டி. இல்லை. முன்கூட்டியே பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். சிறு கடைக்காரர் கொட்டானில் வைத்து நிறுத்துக் கொடுப்பதே மேல்.

தை பிறந்து புதுக் கருப்பட்டி வரத்து தொடங்கும்போது, திசையன்விளை, இட்டமொழி, உவரி, பெரியதாழைப் பக்கத்து மொத்த வியாபாரிகள் நாம் போடுகிற பில்லில் "கருப்பட்டி" என்று வெறுமனே எழுதாமல் எந்த வகை என்று எழுதிக் கொடுப்போம். சில்லறைக்காரர்கள் அப்படி எழுதாத பில்லை வாங்க வேண்டாம். இதை அடுத்த சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவரலாம் என்பது நமது கோரிக்கை. சோடாவுக்கு ஒரு தட்டு என்பதையும் அதே கூட்டத்தில் பேசிவிடலாம். பெட்டி கொடுத்த கம்பெனிகளின் ஏஜென்ஸிக்காரர்களும் நம் சங்க உறுப்பினர்கள்தான். அவர்களையும் உட்கார வைத்தே பேசுவோம்.