முதல் பாடம்: குதிக்காதே

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் 2019 மார்ச் மாதம் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டி ஆறு பேரைப் பலிகொண்டது. முதலில் ஒருவர் உள்ளே மயங்கினார். அவரைத் தூக்க அவருடைய மகன்கள் இறங்கினார்கள். அவர்களைத் தூக்க மற்றவர்கள் இறங்கினார்கள். மூன்றரை ஆண்டு கழித்து, 2022 அக்டோபரில், இதே வட்டாரத்தில் ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள்.

விஷவாயுவுக்குச் சாதி தெரியாது. கூலி பேசி ஆளை உள்ளே இறக்குகிறவருக்குத் தெரியும். அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். இன்று கேட்க நினைப்பது வேறு: அந்தத் தொட்டிகளின் விளிம்பில் நின்றவர்களில் ஒருவருக்காவது ஆம்புலன்ஸ் ஊழியருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் தெரிந்திருந்தால்?

அந்தப் பாடம் மருந்து பற்றியதல்ல. 'நீ நிற்கும் இடம் பாதுகாப்பானதா என்று முதலில் பார்' என்பதுதான். கழிவுநீர்த் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். முகத்தில் ஈரத்துணி கட்டினால் தாங்கும் என்பது பொய். செய்ய வேண்டியது: இறங்காதே, இறங்கப்போகிறவனையும் பிடித்து நிறுத்து. எல்லா மூடிகளையும் திற. 108க்கும், தீயணைப்புத் துறையின் 101க்கும் உடனே பேசு. மூச்சுக் கருவி மாட்டியவர்கள் மட்டுமே உள்ளே போக வேண்டும். பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது கொடுமையானது. அதனால்தான் இதைப் பயிற்சியாகப் பழக வேண்டியிருக்கிறது.

மேலே கொண்டுவந்த பிறகு நிமிடக் கணக்கு. மூச்சில்லை, உணர்வில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் போக அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழ விட வேண்டும். ஆக்சிஜன் போகாவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கும். எந்த ஆம்புலன்சும் எப்போதும் நான்கு நிமிடத்தில் வந்துவிட முடியாது.

தண்டலத்தில் இந்த அறிவுக்கு வேலை அதிகம். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓய்வதில்லை. ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடிந்து இருட்டில் பைக்கில் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றும் ஆளைக் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் திணித்தால், பிழைத்தாலும் எழுந்து நடக்க முடியாமல் போகலாம். பீறிடும் ரத்தத்துக்குக் காபித்தூள் போடாமல், துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிரஸ் மெஷினில் துண்டான விரலை நேரே ஐஸில் போடக் கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதது இதில் எதுவும் இல்லை.

பயிற்சியில் இருப்பவர்கள் சலிப்போடு கடந்துபோகும் ஒரு பாடமும் உண்டு: எழுதுவது. எத்தனை மணிக்குப் போனோம், ஆள் எங்கே எப்படிக் கிடந்தார், நாடித்துடிப்பு எவ்வளவு, என்ன சொன்னார் என்று ஆம்புலன்சில் எழுதும் தாள், பல நேரம் அந்தக் காயத்தைப் பற்றிய முதல் எழுத்து. கம்பெனிக்குள் விரல் போனவனை 'வழியில் விழுந்தான்' என்று சேர்த்துவிட்டால் இழப்பீடு கேட்டு அவன் எங்கே போவான்? வன்கொடுமையில் அடிபட்டவர் விஷயமும் இப்படித்தான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் ஊழியர் யார் பக்கமும் சாய வேண்டியதில்லை, எழுதினாலே போதும்.

சாவோடு சம்பந்தப்பட்ட வேலைகளையெல்லாம் சாதி நம் தலையில்தான் கட்டியது. இழவு சொல்லப் போவது, பறையடிப்பது, குழி வெட்டுவது, செத்த மாட்டைத் தூக்குவது. மருத்துவமனை வந்த பிறகும் பிணவறையும் துப்புரவும்தான் முதலில் நமக்குத் திறந்தன. உயிர் இருக்கும் உடம்பில் நாடி பார்க்கும் இடத்துக்கு நம் பிள்ளைகள் பெருவாரியாகப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் ரத்தம் ஒழுகக் கிடப்பவர் தன் நெஞ்சில் கை வைப்பவர் ஊரா, காலனியா என்று கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். பிழைத்து எழுந்த பிறகு கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹில் என்ற கறுப்பர் பகுதியில், 1960களில் நோயாளியை போலீஸ் வண்டியில்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். 1967இல் அங்கே 'பிரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் திட்டம் உருவானது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களை, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களையும் சேர்த்து, பீட்டர் சபார் என்ற மருத்துவர் பயிற்றுவித்தார். நெஞ்சை அழுத்தி மூச்சூட்டும் சிகிச்சை முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அந்த இளைஞர்கள் அமெரிக்காவின் முன்னோடி ஆம்புலன்ஸ் மருத்துவ ஊழியர்கள் ஆனார்கள். அவர்களோடு பணிபுரிந்த மருத்துவர் நான்சி கரோலின் எழுதிய பாடம் நாடு முழுவதற்கும் பாடமானது. ஆனால் 1975இல் நகராட்சி சேவையைத் தன் கையில் எடுத்தது. புதுத் தேர்வு, புது விதி என்று சொல்லிக் கறுப்பர்களில் பெரும்பாலோரை ஓரங்கட்டிவிட்டது.

திறமை மட்டும் இருந்தால் நாற்காலி நிலைக்காது என்பதை அங்கே பார்த்தோம். இங்கே 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவை அரசின் பணத்தில் ஓடினாலும், அதன் மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும் அரசு ஊழியர்கள் அல்லர். அரசு வேலைக்குரிய 18 சதவீத இடஒதுக்கீடு அந்த வேலைக்குக் கிடையாது. பேரிடர் வந்தால் 'முன்களப் பணியாளர்' என்று கைதட்டுகிறார்கள். நிரந்தரம் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய அரசு, அந்த மணி நேரங்களின் முதல் பகுதியைச் சுமப்பவர்களுக்கு நிலையான வேலையைத் தருவதில் என்ன தடை? வேலைக்கு ஆள் எடுப்பதில் இடஒதுக்கீடு வேண்டும் என்பதையும் சேர்த்தே நம் அமைப்புகள் கேட்க வேண்டும்.

படிப்புக்கு வழி இருக்கிறது. பிளஸ் 2வில் உயிரியல் உள்ள அறிவியல் பிரிவு படித்தவர்களுக்கு அவசர சிகிச்சை டெக்னீஷியன் என்ற ஓராண்டுச் சான்றிதழ் படிப்பும், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி.யும் இருக்கின்றன. அரசு இடங்களுக்கான சேர்க்கையில் ஆதிதிராவிடர் ஒதுக்கீடும், அதற்குள் அருந்ததியர் உள்ஒதுக்கீடும் உண்டு. போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழைக் கடைசி நாளுக்குக் காத்திராமல் இப்போதே வாங்கி வையுங்கள். பிளஸ் 1 சேரும்போதே 'சயின்ஸ் குரூப் உனக்கு வராது' என்று திருப்பி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. இந்தக் கதவு முதலில் மூடுவது அங்கேதான், பெற்றோர் அங்கேயே சண்டை போட வேண்டும். 'ஆறு மாதத்தில் சான்றிதழ், உடனே வேலை' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரை நம்பிப் பணம் கட்டும் முன், அந்தப் படிப்பு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்வித் துறையோ அங்கீகரித்ததா என்று எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.