மடிநோய்: ஊசிக்கு முன்பு பாலைச் சோதியுங்கள்

கரிசல் மானாவாரி விவசாயம் நடக்கும் குருவிகுளம் வட்டாரத்தில், மழை பொய்த்தாலும் வீட்டுக்கு வருமானம் தருபவை கறவை மாடுகள். அந்த வருமானத்தை ஓசையில்லாமல் குறைப்பது மடிநோய். அதை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்.

இது மாட்டோடு நின்றுவிடும் கிருமி அல்ல. பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கும். காயத்தில் புகுந்தால் சீழ்க்கட்டி. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. 2019-ல் உலக அளவில் சுமார் 11 லட்சம் இறப்புகளுக்கு இக்கிருமி காரணம் என்கிறது, 'லான்செட்' ஆய்விதழில் 2022-ல் வெளியான மதிப்பீடு.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

பல மாடுகளில் மடி வீங்காது, பாலும் திரியாது. கறவை மட்டும் குறையும். பால் சங்கங்களில் கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்தே விலை போடுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. மடி வீங்கிய பிறகு, கிடைத்த ஆன்டிபயாடிக் ஊசியைப் போடுகிறோம். கிருமி மடித்தசைக்குள் பதுங்கிக்கொள்வதால், நோய் அடங்கியதுபோல் தெரிந்து திரும்ப வரும். மருந்துக்கு மசியாத கிருமிகளே மிஞ்சும்.

உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் மருந்தைத் தர மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. ஒரு மருந்தைத் தடுக்க அரசாணை போதும். மற்ற மருந்துகளை அளவறிந்து பயன்படுத்துவது நம் தொழுவத்தில்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

பாலை ஊடகத்தில் இட்டு ஒரு நாள் வளர்க்கிறார்கள். கிராம் சாயம் ஏற்றினால் இக்கிருமி ஊதா நிறத்தில், திராட்சைக் கொத்துபோலத் தெரியும். கோயாகுலேஸ் சோதனையில் பிளாஸ்மாவை உறைய வைக்கும். பிறகு எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பார்கள். முடிவு வர 2 முதல் 3 நாள் ஆகலாம். தொழுவத்திலேயே செய்யும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை அழற்சியை மட்டுமே காட்டும்; எந்தக் கிருமி என்று சொல்லாது.

மாதிரி எடுக்கும் முறை

* மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும்.
* காம்பைக் கழுவி, ஈரம் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் நுனியைத் துடைக்கவும்.
* முதல் சில பீச்சுப் பாலைத் தவிர்த்து, கிருமி நீக்கிய குப்பியில் பிடிக்கவும்.
* ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கால்நடை மருந்தகத்தில் சேர்க்கவும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தால் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாதிரியை எடுத்துவிட்டு, மருத்துவர் சொல்லும் சிகிச்சையை உடனே தொடங்குங்கள்.

கறப்பவர் கவனத்துக்கு

நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள். கையில் புண் இருந்தால் கறக்க வேண்டாம். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் வெளியில் நெடுநேரம் வைத்த பாலில் அது உண்டாக்கிய நச்சு அழியாது. சிகிச்சைப் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்வரை ஊற்றக் கூடாது.

பால் சங்கங்கள் மாதம் ஒருமுறை மடிநோய்ச் சோதனை நடத்தி, சந்தேகத்துக்குரிய மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஊசிச் செலவும் குறையும், மாடும் தப்பும்.