யாருடைய ஆள்?

எங்கம்மா ஒரு கம்பெனியில் பதினோரு வருசம் கூட்டிப் பெருக்கினாள், கக்கூஸ் கழுவினாள். அதற்குள் நாலு காண்டிராக்டர் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் புது ஆள்; பழைய சர்வீஸ் சைபர். வருசத்துக்கு ஒருநாள், ஆயுதபூசைக்கு, டைரக்டர் ஷெட்டுக்குள் வருவார். ஆபரேட்டர்களுக்குக் கை கொடுப்பார், கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். அப்போது சூப்பர்வைசர் சொல்வான்: "ஏம்மா, தொடப்பத்த எடுத்துக்கிட்டு அப்பால போ. படத்துல விழுது." அம்மா அப்பால் போவாள். பிறகு அவளுக்கும் ஒரு பொரிப் பொட்டலம் வரும்.

நிர்வாகம் படித்தவர்கள் இதற்குத் 'தொழிலாளியோடு தொடர்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பவர் கீழே இறங்கிவந்து பேச வேண்டுமாம். அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டு கம்பெனி மேலாளர்கள் பிரிவு பிரிவாக நடந்துபோய் ஆட்களோடு பேசினார்கள். பீட்டர்ஸும் வாட்டர்மேனும் 1982ல் எழுதிய புத்தகம் அந்த முறையை உலகமெல்லாம் பரப்பியது. ஜப்பானில் டொயோட்டா, கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம் என்று வழக்கம் வைத்தது. நல்ல விசயந்தான். ஆனால் இங்கே கயிற்றை இழுத்த காண்டிராக்ட் ஆள் மறுநாள் கேட்டுக்குள் நுழைய முடியுமா?

இங்கே கடைசித் தொழிலாளி என்பவள் கம்பெனி ரிஜிஸ்டரில் பேரே இல்லாதவள். அவளுக்கும் டைரக்டருக்கும் நடுவில் காண்டிராக்டர், அவனுக்குக் கீழே மேஸ்திரி. இந்தத் தூரம் தானாக வந்ததா? காசு கொடுத்துக் கட்டிய சுவர் இது. வேலை உள்ளே வரணும், வேலை செய்கிறவள் வெளியே நிக்கணும். சேரியின் உழைப்பு ஊருக்குள் போகும், சேரி ஆள் போகக்கூடாது என்பதிலிருந்து இது எந்த விதத்தில் வேறு?

ஆலை வந்தால் சாதி போய்விடும் என்று பேசிய தோழர்களும் உண்டு. பம்பாய் மில்களில் என்ன நடந்தது? நூலில் வாய் வைக்க வேண்டிய நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. எச்சில் பட்டுவிடுமாம். கூட வேலை செய்த தொழிலாளியே தடுத்தான். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்களின் முகத்துக்கு நேரே கேட்டார். ஆகவே சுவர் கட்டியதில் முதலாளியோடு சேர்த்து நம்ம ஆட்களுக்கும் பங்கிருக்கு.

மலக்குழியில் ஆளை இறக்குவதற்கு எதிராக 2013ல் சட்டம் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச் சொல்லி 2014ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2023ல் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் பிணம் மேலே வந்ததும் எழுகிற முதல் கேள்வி, "இவன் யாருடைய ஆள்?" நிர்வாகம் காண்டிராக்டரைக் காட்டும். காண்டிராக்டர் இன்னொருத்தனைக் காட்டுவான். உயிரோடு இருந்தபோது யாருக்கும் தெரியாதவன், செத்த பிறகும் யாருக்கும் ஆள் இல்லை.

சென்னையில் நடந்ததை நாமே பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகைக்கு வெளியே தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். பெண்களே அதிகம். மாளிகைக்கும் பிளாட்பாரத்துக்கும் கூப்பிடு தூரந்தான். 13 நாள் போனது. பேச்சுவார்த்தையும் நடந்தது. தனியாரிடம் தள்ளாதே, மாநகராட்சி ஆளாகவே வை என்று கேட்டதற்கு மட்டும் வழி பிறக்கவில்லை. 13ஆம் தேதி நள்ளிரவில், கோர்ட் உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளருக்குக் காலைச் சாப்பாடு, இன்சூரன்சு என்று அறிவித்தது.

சோறு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டது ரிஜிஸ்டரில் பேர். கிடைத்தது தட்டில் இட்லி. பொரிப் பொட்டலம் கொஞ்சம் பெரிசாயிருக்கு, அவ்வளவுதான்.

நிர்வாகிகளே, நிஜமாகவே தொடர்பு வேணுமா? எங்கள் பேரை உங்கள் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். சம்பளத்தை நீங்களே நேராகக் கொடுங்கள். நாங்கள் கழுவும் கக்கூசில் நாங்களும் போக விடுங்கள். எங்கள் சங்கத்தோடு மேசை போட்டு உட்காருங்கள். ஒருத்தியைத் தனியாக நிறுத்தி "நல்லாருக்கியாம்மா" என்று கேட்டால், "நல்லாருக்கேன் சார்" என்றுதான் சொல்வாள். நாளைக்கும் வேலைக்கு வரணுமே! பத்துப் பேராக நின்றால்தான் உண்மை வாயில் வரும்.

சங்கத் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் சந்தா ரசீது கிழிக்கிறவரை நீங்களும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தான்.

எங்கம்மாவை ஒருநாள், "நாளையிலேருந்து வராதே" என்று மேஸ்திரி அனுப்பினான். டைரக்டருக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தானே அந்த மேஸ்திரி!