லினக்ஸ் போட்டதும் வைஃபை வரலையா? உடனே விண்டோஸுக்கு ஓடாதீங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் பலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு பக்கம் திரும்பிவருகிறார்கள். இன்ஸ்டால் ஆகிறது, லேப்டாப்பும் முன்பைவிட வேகமாக ஓடுகிறது. ஆனால், திரையின் மூலையில் இருக்க வேண்டிய வைஃபை குறியீட்டை மட்டும் காணோம்!

அடுத்து என்ன நடக்கும் என்பது ஊரறிந்த கதை. லேப்டாப் சர்வீஸ் கடைக்குப் போகும். "லினக்ஸ்னாலே அப்படித்தாங்க, நெட் வராது. விண்டோஸே போட்டுடலாம்" என்பார்கள். லைசென்ஸ் இல்லாத ஒரு காப்பி ஏறும். ஹார்டு டிஸ்க்கில் இருந்த ப்ராஜெக்ட் ஃபைல்கள் அழியும். பணமும் போகும். கடைசிவரை பழுது எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. டேங்க்ல தண்ணி இருக்கா, மோட்டார் ஓடுதா, பக்கத்து வீட்டுல வருதான்னு ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். நெட்வொர்க்கும் அப்படித்தான். லேப்டாப்பில் தொடங்கி வெப்சைட் வரை வரிசையாகச் சில இணைப்புகள் இருக்கின்றன. எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேள்வி: கார்டு தெரிகிறதா?

டெர்மினலைத் திறந்து 'ஐபி லிங்க்' கட்டளையைக் கொடுத்தால், லேப்டாப்பில் உள்ள நெட்வொர்க் கார்டுகளின் பட்டியல் வரும். 'டபிள்யூஎல்' எனத் தொடங்கும் பெயர் வைஃபைக்கு உரியது. அது பட்டியலிலேயே இல்லை என்றால், பெரும்பாலும் டிரைவரோ, கார்டை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளோ இல்லை என்று பொருள்.

பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கும். சில சிப்களின் டிரைவரும் ஃபர்ம்வேரும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதில்லை. அதனால் பல லினக்ஸ் பதிப்புகள் அவற்றைச் சேர்க்காமலே வெளிவந்தன. கொள்கையில் கறாரான டெபியன்கூட, 2023 ஜூனில் வந்த 12-வது பதிப்பில்தான் இத்தகைய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்த்தது.

ஃபர்ம்வேரை டவுன்லோடு செய்ய நெட் வேண்டும். நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும். இந்தச் சிக்கலுக்கு வழி கையில் இருக்கும் போன்தான். யுஎஸ்பி கேபிளில் போனை இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால், பெரும்பாலும் லினக்ஸ் அதை உடனே ஒரு நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். பிறகு அப்டேட் செய்து, 'டிரைவர் மேனேஜர்' பரிந்துரைக்கும் டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

கார்டு தெரிந்தும் வேலை செய்யவில்லையா? 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளை, வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். 'சாஃப்ட் பிளாக்' என்றால் ஒரு கட்டளையில் விடுவித்துவிடலாம். 'ஹார்டு பிளாக்' என்றால் பெரும்பாலும் லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சின்ன சுவிட்சையோ வைஃபை பட்டனையோ கைபட்டு யாரோ அணைத்திருப்பார்கள். அதற்கு எந்தக் கட்டளையும் பலிக்காது, சுவிட்சைத்தான் தட்டணும்.

இரண்டாவது: முகவரி கிடைத்ததா?

வைஃபை இணைந்ததும் ரவுட்டர் லேப்டாப்புக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்க வேண்டும். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். முகவரியே இல்லை, அல்லது 169.254 எனத் தொடங்குகிறது என்றால், ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம்.

ஹாஸ்டலிலோ ஆபீஸிலோ யாராவது கையால் முகவரி போட்டுக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதே முகவரி இருந்தால் நெட் வராது. நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐபிவி4 பகுதியை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினாலே போதும்.

மூன்றாவது: எங்கே அறுந்தது?

இங்கேதான் 'பிங்' கைகொடுக்கிறது. முதலில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுக்க வேண்டும். பதில் இல்லை என்றால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். ரவுட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 பதில் சொல்லவில்லை என்றால் இணைய நிறுவனத்தின் பக்கம் சந்தேகப்படலாம். சில கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் பிங்கையே தடுத்திருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

எண்ணுக்குப் பதில் வருகிறது, வெப்சைட் பெயருக்கு மட்டும் வரவில்லையா? நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் மக்கர் செய்கிறது. பலர் 'ரிசால்வ்.கான்ஃப்' ஃபைலைத் திருத்திவிட்டு, "ரீஸ்டார்ட் பண்ணினா பழையபடி ஆயிடுது" என்று புலம்புவார்கள். பல லினக்ஸ் பதிப்புகளில் அந்த ஃபைலை சிஸ்டமே திரும்ப எழுதிவிடும். மாற்றத்தை நெட்வொர்க் செட்டிங்ஸில் செய்தால்தான் நிலைக்கும்.

இன்னொன்று: பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும். நெட் இருந்தும் வெப்சைட்கள் 'பாதுகாப்பற்றது' என்று மறுக்கும். கடிகாரத்தைச் சரிசெய்தாலே போதும், எல்லாம் திறக்கும்.

யார் பொறுப்பு?

"சாதாரண ஆட்கள் ஏன் டெர்மினலைத் திறக்கணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிப் நிறுவனங்கள் டிரைவரைத் திறந்து கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. இணைய நிறுவனங்களின் கஸ்டமர் கேர் விண்டோஸைத் தாண்டியும் யோசிக்க வேண்டும்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால், லினக்ஸைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென ஒரு லினக்ஸ் பதிப்பை உருவாக்கி, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. லேப்டாப்போடு 'நெட் வரலைன்னா என்ன செய்யணும்' என்று ஒரு பக்கத் தமிழ்க் கையேடும், பள்ளிக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருந்தாலே நிலைமை மாறும்.

எவ்வளவு முயன்றாலும் லினக்ஸில் ஓடாத கார்டுகளும் இருக்கின்றன. அதற்கு முன்கூட்டியே ஒரு வழி உண்டு. இன்ஸ்டால் செய்யும் முன் பென்டிரைவிலிருந்து லினக்ஸை 'லைவ்' ஆக ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வந்தால் தைரியமாகப் போடலாம். வராவிட்டால், லினக்ஸுக்கு ஒத்துவரும் யுஎஸ்பி வைஃபை அடாப்டரை விசாரித்து வாங்கலாம். லேப்டாப்பையே தூக்கிப்போட வேண்டியதில்லை.

கார்டு, முகவரி, ரவுட்டர், வெளி இணையம், டிஎன்எஸ் என்ற இந்த வரிசை எந்த ஓஎஸ்ஸுக்கும் பொருந்தும். இதை ஒருமுறை கற்றுக்கொண்ட மாணவர், அடுத்த முறை கடைக்குப் போனாலும் "நெட் வரலை" என்று மட்டும் சொல்ல மாட்டார். "டிஎன்எஸ் வேலை செய்யலை" என்பார். அப்படிச் சொல்பவரிடம் யாரும் சும்மா ஓஎஸ் மாற்றிப் பணம் வாங்கிவிட முடியாது.