கொடி இருக்கலாம், ஜாடி கூடாது!

அமெரிக்காவில் மினசோட்டா என்று ஒரு மாநிலம். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிகூடப் போகும். திராட்சைக்கு ஆகாத ஊர். அங்கே உள்ள பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. அந்தக் குளிரையும் தாங்கும் 'ஃப்ரான்டனாக்' என்ற ஒயின் திராட்சையை 1996-ல் வெளியிட்டது. ஆளாளுக்குக் கொல்லையில் கொடி நட்டார்கள். பழத்தைப் பிழிந்து வீட்டிலேயே ஒயின் போடுகிறார்கள். விற்கக் கூடாது, அவ்வளவுதான். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு வருஷம் 200 கேலன், அதாவது 750 லிட்டர் வரை வரி கிடையாது.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. தொண்டாமுத்தூர், நரசிபுரம் பக்கம் பந்தல் பந்தலாகத் திராட்சை. ஏப்ரலில் ஒரு அறுப்பு, ஆகஸ்ட் - செப்டம்பரில் இன்னொன்று. பனி இல்லை. ஆனால், பழுக்கும் நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். விலை சரிந்தால் அறுப்புக் கூலிகூடத் தேறாது. 2020 ஊரடங்கு வந்ததே ஏப்ரல் அறுப்பு நேரத்தில்தான். திராட்சை என்ன நெல்லா, குதிரில் கொட்டி வைக்க?

"மிஞ்சின பழத்துல வீட்டுக்கு மட்டும் ஒரு ஜாடி ஒயின் போட்டுக்கலாமுங்களா?" என்று ஒரு விவசாயி கேட்டால் பதில் என்ன தெரியுமா? கூடாது. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அந்த மதுவிலக்கு முதலில் அமலுக்கு வந்ததே நம்ம சேலத்தில்தான்.

சரி, மதுவிலக்கு என்றால் மதுவிலக்காகவே இருக்கட்டும். நானும் கை தட்டுவேன். ஆனால், 2003 முதல் அரசே கடை போட்டு விற்கிறதே! 2023-24-ல் அதில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். செய்தால் குற்றம், வாங்கினால் வருமானம். பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு பிடிபடவில்லை. 1987-ல் கள்ளுக்குத் தடை போட்டபோது பனையும் தென்னையும் வைத்திருந்தவர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மறந்துபோச்சா?" என்று நீங்கள் கோபப்படலாம். நியாயமான கோபம். ஆனால், அங்கே கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். திராட்சை ஒயினுக்கு அடுப்பும் வேண்டாம், கெமிக்கலும் வேண்டாம். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று புளிக்க வைக்கிறது. காய்ச்சுவது வேறு, புளிக்க வைப்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் தப்பு.

திராட்சையில் பணம் பார்க்க மகாராஷ்டிரா 2001-லும் கர்நாடகா 2007-லும் ஒயினுக்கென்று கொள்கையே போட்டன. நாம் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வீட்டுக்கு இத்தனை லிட்டர், விற்றால் ஜெயில் என்று ஒரு வரம்பு போடுங்கள், போதும்.

மாட்டோம் என்றால், முதலில் தெருமுனைக் கடையைப் பூட்டுங்கள். அப்புறம் விவசாயி வீட்டு ஜாடியைத் தேடி வாருங்கள்.